தூக்குக்குண்டும் தலை அளவும்: மனித உருவம் வரையவும் கதாபாத்திரம் வடிவமைக்கவும் செட்டிநாட்டு ஓவிய மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒளிப்படத்தைப் பார்த்து ஒரு நடிகரின் முகத்தை அச்சு அசலாக வரைந்துவிடும் ஓவிய மாணவர்கள் பலர், பார்ப்பதற்கு எதுவும் இல்லாத வெற்றுத் தாளில், குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் ஒருவரை வரையச் சொன்னால் திணறிப் போகிறார்கள். கைத்திறன் குறைவு இதற்குக் காரணமன்று. உடலின் பாரம் எந்த வழியாகத் தரையில் இறங்குகிறது, எந்த உறுப்பு எதற்கு எவ்வளவு நீளம் என்னும் இரண்டும் மனத்தில் பதியாததே காரணம். இவ்விரண்டும் பதிந்தவருக்குக் கதாபாத்திர வடிவமைப்பு ஒரு தனிப்பாடமாகத் தோன்றாது. அளவையும் பாரத்தையும் வேண்டுமென்றே மாற்றிப் பார்க்கும் வேலையாகவே அது தெரியும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் மாடலை அமர்த்தி நடத்தும் உருவ வரைதல் வகுப்பு எளிதில் கிடைப்பதில்லை. அது குறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தரையில் அமர்ந்தும் குந்தியும் நின்றும் உழைக்கும் மனிதர்களும், கல்லிலும் சுதையிலும் வண்ணத்திலும் ஆன மனித உருவங்களும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுக்குள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் வட்டாரங்கள் அதிகமில்லை. இந்த வழிகாட்டி அவற்றைக் கொண்டே படிகளை அமைக்கிறது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2பி, 6பி பென்சில்கள், சில கரிக்குச்சிகள், பிசைந்து பயன்படுத்தும் ரப்பர், கிளிப் வைத்த அட்டை, அச்சகங்களில் மிஞ்சும் நியூஸ்பிரிண்ட் தாள் ஆகியவை போதும். விலையுயர்ந்த தாளில் கை அஞ்சும். அஞ்சும் கையில் கோடு நடுங்கும். இவற்றோடு கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றையோ, நூலில் கட்டிய ஒரு நட்டையோ பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் தேவை இரண்டாம் படியில் தெரியும்.

முதற்படி: அசைவைப் பிடித்தல்

30 நொடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று நேரம் வைத்து விரைந்து வரைவதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. இந்த விரைவுப் படங்களில் வெளிக்கோட்டைத் தேடக் கூடாது. தலையின் சாய்வை முதலில் குறித்து, முதுகெலும்பின் வளைவை ஒரே இழுப்பில் இறக்கி, தோள்களை இணைக்கும் கோட்டையும் இடுப்பை இணைக்கும் கோட்டையும் அவற்றின் சரிவோடு போட்டு, உடலைத் தாங்கும் காலைத் தரைவரை கொண்டு சேர்க்க வேண்டும். மற்றொரு காலும் கைகளும் நேரம் இருந்தால் வரட்டும்.

இதற்குக் காரைக்குடிப் பேருந்து நிலையத்தைவிட நல்ல வகுப்பறை இல்லை. நின்று காத்திருப்பவர் சற்றுநேரம் ஒரு காலில் பாரத்தைப் போடுவார், பிறகு மறுகாலுக்கு மாற்றுவார், பின்னர் பழைய நிலைக்கே திரும்புவார். ஆகவே ஒரே தாளில் நான்கைந்து உருவங்களைத் தொடங்கி வையுங்கள். ஒருவர் நிலை மாறியதும் அடுத்த உருவத்துக்குப் போய், அவர் பழைய நிலைக்குத் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

அருகில் அமர்ந்து நெடுநேரம் வரைவதாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. “ஆச்சி, நீங்க பூக் கட்டுறதைப் பார்த்துப் படம் போடலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். “போடப்பா, மூக்கை மட்டும் பெருசாப் போட்டுறாதே” என்ற நிபந்தனை வரலாம். வரைந்ததைக் காட்டிவிட்டு எழுந்தால் அடுத்த முறை இடம் தாமாகவே ஒதுக்குவார்கள்.

இரண்டாம் படி: பாரம் இறங்கும் வழி

நிற்கும் ஒருவருக்கு எதிரே தூக்குக்குண்டைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலை அவருடைய கழுத்துக்குழியின்மேல் பொருத்திப் பாருங்கள். அவர் ஒரே காலில் பாரத்தைப் போட்டுச் சாய்மானம் இல்லாமல் நின்றால், நூல் ஏறத்தாழ அந்தக் காலின் கணுக்காலுக்கு அருகில் இறங்கும். இரு கால்களிலும் சமமாக நின்றால் இரு பாதங்களுக்கும் நடுவே இறங்கும். நூல் பாதங்களுக்கு வெளியே விழுந்தால் அவர் எதன்மீதோ சாய்ந்திருக்கிறார், நடந்துகொண்டிருக்கிறார், அல்லது விழப் போகிறார். உங்கள் படத்தில் உள்ள ஆள் ஏன் சரிந்து விழுவதுபோல் இருக்கிறார் என்ற ஐயம் வரும்போதெல்லாம் இந்த ஒரே சோதனை போதும்.

அடுத்தது இடுப்பும் தோளும். தாங்கும் காலின் பக்கத்தில் இடுப்பு மேலேறும்; அதே பக்கத்துத் தோள் பெரும்பாலும் கீழிறங்கும். அந்தப் பக்கம் விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் சதை மடிந்து நெருங்கும், மறுபக்கம் இழுபட்டு நீளும். நம் சிற்பிகள் சமபங்கம் (நேர்நிலை), ஆபங்கம் (சிறு வளைவு), திரிபங்கம் (மூன்று வளைவு), அதிபங்கம் (மிகு வளைவு) என்று நிலைகளைப் பிரித்தது இந்தப் பார மாற்றத்தைத்தான். புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குகைக் கோயிலின் தூண்களில் உள்ள ஆடல் மகளிர் மிகவும் மங்கிவிட்டார்கள் என்றாலும், இடுப்பு ஒருபுறம் போகத் தோள் மறுபுறம் திரும்பும் அந்த வளைவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. உட்கூரையில் தாமரைக் குளத்தில் பூப் பறிக்கும் உருவங்களையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: அளவு

இயல்பான வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ 7½ தலை, அதாவது உச்சியிலிருந்து மோவாய்வரை உள்ள நீளத்தைப்போல் ஏழரை மடங்கு. கம்பீரமாகக் காட்ட விரும்பும் ஓவியர்கள் 8 தலை வைக்கிறார்கள். உடலின் நடுப்பகுதி தொப்புளில் இல்லை, அதற்கும் கீழே கால்கள் பிரியும் இடத்தில் இருக்கிறது. கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடையளவிலும் மணிக்கட்டு கால்கள் பிரியும் மட்டத்திலும் வரும். கையை முகத்தில் வைத்தால் மோவாயிலிருந்து நெற்றியின் மேற்பகுதிவரை எட்டும். பாதத்தின் நீளம் முன்கையின் நீளத்துக்குச் சற்றேறக்குறையச் சமம். மாணவர்களின் படங்களில் கைகளும் பாதங்களும் சிறுத்துப் போவது வழக்கமாகையால், இந்தக் கடைசி இரண்டு அளவுகளையும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

சிற்ப நூல்களின் தாள அளவு தலையைக் கொண்டு அளப்பதன்று, முகத்தைக் கொண்டு அளப்பது. ஒரு தாளம் 12 அங்குலம் என்று கொண்டால் நவதாள (ஒன்பது தாள) உருவம் 108 அங்குலம். பத்துத் தாள வகையில் மிக உயரமான உத்தம தசதாள உருவம் 124 அங்குலம். இந்த அங்குலம் உருவத்துக்குள்ளேயே எடுக்கப்படும் அலகு, அளவுகோலின் அங்குலம் அன்று. மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய்வரை உள்ள முகம், முழுத் தலையில் ஏறத்தாழ ஏழில் ஆறு பங்கு என்பதால், ஒன்பது முகம் என்பது ஏழே முக்கால் தலைக்கு நெருங்கி வருகிறது. இன்றைய ஓவியப் பாடமும் நம் சிற்பியின் கணக்கும் ஒரே உடலைத்தான் அளந்திருக்கின்றன.

இனிமேல் சொல்லப்போவது கதாபாத்திர வடிவமைப்பின் வித்து. அதே நூல்கள் பிள்ளையாருக்கு ஐந்து தாளமும் பூதகணங்களுக்கு நான்கு தாளமும் விதிக்கின்றன. அதாவது உருவத்தின் இயல்பு மாறினால் உயரத்துக்கும் முகத்துக்கும் உள்ள விகிதமும் மாறுகிறது. தலை பெருத்து உடல் குறுகினால் குழந்தைமையும் வேடிக்கையும் கூடுகின்றன. முகம் சிறுத்து உடல் நீண்டால் வீரமோ தெய்வத்தன்மையோ ஏறுகிறது. இன்றைய கார்ட்டூன்களின் இரண்டு, மூன்று தலை உயரக் குட்டி உருவங்களும் இந்த விதிக்குள்ளேயே அடங்குகின்றன. ஒரே ஆளை 3, 5, 7½, 9 தலை உயரங்களில் நான்கு முறை வரைந்து அருகருகே வைத்துப் பாருங்கள். முகத்தை மாற்றாமலேயே நான்கு வேறு ஆட்கள் கிடைப்பார்கள்.

நான்காம் படி: திரட்சியும் தரையில் அமர்தலும்

விலாக்கூட்டை ஒரு முட்டையாகவும், இடுப்பை ஒரு பெட்டியாகவும், கை கால்களை உருளைகளாகவும் கொண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்ந்து திரும்பியிருக்கிறது என்பதை வரைய வேண்டும். இதை எல்லாப் பாடங்களும் சொல்லிவிடுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் நிற்கும் உருவமும் நாற்காலியில் அமர்ந்த உருவமுமே இருக்கும். நம் வாழ்க்கையில் பாதி தரையில் நடக்கிறது. சம்மணமிடுதல், குந்துதல், ஒரு காலை மடித்து மறுகாலைக் குத்தவைத்து அமர்தல் ஆகிய மூன்றையும் வரையத் தெரியாதவர், இந்த ஊர்க் கதை ஒன்றுக்குக் கூடப் படம் போட முடியாது என்பது என் கருத்து.

சம்மணமிட்டு நிமிர்ந்து அமர்ந்தவரின் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ 4 தலை. இதில் தொடை நம்மை நோக்கி வருவதால் அதன் நீளம் சுருங்கித் தெரியும். சுருக்கத்தைக் கோட்டின் நீளத்தால் காட்ட முயலாமல், எந்த வடிவம் எதை மறைக்கிறது என்பதால் காட்டுங்கள்: முழங்கால் தொடையை மறைக்கிறது, தொடை அடிவயிற்றை மறைக்கிறது. ஒன்றை ஒன்று மறைக்கும் இடங்களில் கோடுகள் சரியாக முட்டிநின்றால் ஆழம் தானே வந்துவிடும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் தொழிலாளரை, இசைவு பெற்று, அரைமணி நேரம் பாருங்கள். கண்ணாடியின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, சிறு கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சாந்தை ஊற்றுகிறார். ஊற்றும்போது முதுகு தளர்ந்து வளைந்திருக்கிறது. அச்சை வெளியே எடுக்கும் நொடியில் மட்டும் உடல் மாறுகிறது: வண்ணம் கலங்காமல் நேராக மேலே தூக்க வேண்டியிருப்பதால், முழங்கைகள் விலாவோடு ஒட்டிக்கொள்கின்றன, இரு தோள்களும் சேர்ந்து உயர்கின்றன, கழுத்து குறுகுகிறது. பிறகு உலர்ந்த சிமெண்டு மணற்கலவையைத் தூவும்போது தோள்கள் மறுபடி இறங்குகின்றன. ஊற்றுதல், தூக்குதல், தூவுதல் ஆகிய மூன்றையும் மூன்று உருவங்களாக வரைந்தால், முகத்தில் உணர்ச்சி எதுவும் எழுதாமலேயே கவனம் என்பதை எப்படி வரைவது என்று தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: எலும்பு வெளியே தெரியும் இடங்கள்

அனடாமி என்றதும் தசைப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவது வீண் வேலை. தோலுக்கு அடியில் எலும்பு நேரடியாகத் தெரியும் இடங்களை முதலில் கற்கவேண்டும். ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் இடம் மாறாதவை அவையே. கழுத்துக்குழி, காறை எலும்பு, தோள்பட்டை எலும்பின் விளிம்பு, முழங்கை முனை, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து முண்டு, இடுப்பெலும்பின் முன்முனைகள், முழங்கால் சில்லு, கணுக்கால்கள் ஆகியவற்றைப் புள்ளிகளாக வைத்துப் பழகுங்கள். உட்பக்கக் கணுக்கால் உயரத்திலும் வெளிப்பக்கக் கணுக்கால் தாழ்விலும் இருக்கும். இதை மாற்றிப் போட்டால் பாதம் ஒடிந்ததுபோல் தெரியும்.

கையைத் தலைக்கு மேல் முழுதும் தூக்கும்போது அந்த 180 பாகை அசைவில் ஏறத்தாழ 60 பாகை தோள்பட்டை எலும்பு திரும்புவதால் வருகிறது. காறை எலும்பும் சேர்ந்து உயர்கிறது. தலையில் பால்குடம் ஏந்தி ஒரு கையால் பிடித்துவரும் பெண்ணை வரையும்போது, கையை மட்டும் தூக்கிவிட்டுத் தோளைப் பழைய இடத்திலேயே விட்டால், கை வேறு யாருடையதோ போல் ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்கையில் இரண்டு எலும்புகள். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது அவற்றில் ஒன்று மற்றொன்றைக் குறுக்கே கடக்கிறது. அதனால்தான் முன்கையின் வடிவம் கை திரும்பத் திரும்ப மாறுகிறது.

முகத்தில் ஒன்றே ஒன்று: கண்கள் தலையின் உயரத்துக்கு நட்ட நடுவில் இருக்கின்றன. முதுமையைக் காட்டச் சுருக்கங்களை அடுக்குவதை விட்டு, பல் விழுந்து தாடை உயரம் குறைவதையும் காதும் மூக்கும் நீண்டு தெரிவதையும் வரையுங்கள்.

ஆறாம் படி: துணியும் வெளிச்சமும்

ஆடை உடலை மறைக்கிறது என்பது பாதி உண்மை. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கட்டங்களைப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பருத்திச் சேலையின் நேர்க்கோடுகள், உடுத்தியவரின் தொடைமேல் வளைந்து ஏறி, முழங்காலில் திரும்பி, மடியில் தொய்ந்து இறங்குகின்றன. உருளையின்மேல் குறுக்குக்கோடு போட்டு உருட்சியைக் காட்டுங்கள் என்று வகுப்பில் சொல்லித் தரும் பாடத்தைத் தறியே நெய்து கொடுத்திருக்கிறது. கண்டாங்கி உடுத்தி அமர்ந்திருப்பவரை, உடலின் வெளிக்கோடே இல்லாமல், கட்டங்களின் கோடுகளை மட்டும் கொண்டு ஒருமுறை வரைந்து பாருங்கள். உடல் முழுவதும் தாளில் எழுந்து நிற்கும். உருவ வரைதலுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேட்டியின் மடிப்புகளுக்குப் பிறப்பிடம் உண்டு. இடுப்பு முடிச்சு, முழங்கால், பிட்டம் என்று துணி இழுபடும் புள்ளியிலிருந்தே மடிப்புகள் விரிகின்றன. பிறப்பிடம் தெரியாத மடிப்பை வரையாதீர்கள்.

செட்டிநாட்டு வீட்டு வளவின் நடுவே வானம் பார்த்த முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வருவதால், தூணோரம் அமர்ந்தவரின் உருவத்தில் ஒளிப்பகுதியும் நிழற்பகுதியும் தெளிவாகப் பிரியும். அங்கேயே இன்னொன்றையும் காணலாம்: பளபளக்கும் தரைக்கல்லிலிருந்து எழும் எதிரொளி, தாடையின் அடிப்பகுதி நிழலில் மெல்லிய செம்மையைப் பூசுகிறது. நிழலைக் கறுப்பால் நிரப்பும் பழக்கம் இதைப் பார்த்தவருக்குத் தானாகவே போய்விடும்.

ஏழாம் படி: சிற்பத்திடம் எதைக் கற்பது, எதை விடுவது

ஆவுடையார்கோவில் மண்டபத் தூண்களில் உள்ள ஆளுயரச் சிற்பங்கள் அசைவதே இல்லை. எத்தனை மணி நேரமும் வரையலாம். ஒரே சிற்பத்தை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் வரைந்தால், உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் ஆற்றல் வளரும். நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளையும் இதே முறையில் வரையலாம். ஆனால் நம் சிற்ப மரபு மூட்டுகளையும் எலும்பு முனைகளையும் மழுக்கி, உடலை மூச்சு நிறைந்த வழவழப்பான திரட்சியாகக் காட்டுவது. சிற்பத்தை மட்டுமே பார்த்துப் பழகியவரின் மனிதர்கள் ரப்பர்போல் வளைவார்கள். நிலையையும் திரட்சியையும் சிற்பத்திடம் கற்று, எலும்பை உயிருள்ளவரிடம் கற்க வேண்டும்.

எட்டாம் படி: கதாபாத்திரம்

மாணவர்கள் கதாபாத்திரத்தை ஆடையிலிருந்து தொடங்குகிறார்கள்: தொப்பி, வாள், தழும்பு, வண்ண முடி. ஆடையைப் பிடுங்கிவிட்டால் எல்லாரும் ஒரே ஆள். இதைத் தடுக்க நான் கொடுக்கும் பயிற்சி இது.

1920களின் ரங்கூனில் ஒரு நகரத்தார் கிட்டங்கி, அதாவது வட்டித் தொழில் நடக்கும் கடையும் தங்குமிடமும் சேர்ந்த இடம். மூன்றாண்டுத் தவணைக்கு வந்து கடையை நடத்தும் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், ஊரிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையன், சமையற்காரர் என்று நால்வரை வடிவமையுங்கள். நால்வருக்கும் வெள்ளை வேட்டி, நால்வரும் தரையில் அமர்பவர்கள், யாருக்கும் விந்தையான ஆயுதமோ அணியோ கிடையாது. வேறுபாடு முழுவதும் உடலிலிருந்தே வரவேண்டும்.

மேலாள் அன்றாடம் பல மணி நேரம் கணக்குப் பேரேட்டின் முன் அமர்பவர். பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கி, முதுகு சுவரையோ தூணையோ நம்பியிருக்கும், கைகள் உடலை விட்டு அகலமாகப் பரவும். அடுத்தாள் எழுந்து ஓட எந்நேரமும் ஆயத்தமாக இருப்பவர். ஒரு கால் குத்தவைத்திருக்கும், பாரம் முன்பாதத்தில் இருக்கும், கழுத்து முன்னே நீளும். பையனுக்கு 6 தலை உயரம் வையுங்கள். பெரியவர்கள் முன் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரியாமல் கைகளையும் கால்களையும் உடலோடு சேர்த்துச் சுருக்கிக்கொண்டிருப்பான். சமையற்காரரின் பாரம் தோளிலும் முன்கையிலும். சும்மா நிற்கும்போதும் அவருடைய கைகள் எதையோ தூக்கப் போவதுபோல் சற்று மடங்கியே இருக்கும்.

ஒவ்வொருவருக்கும் கட்டைவிரல் அளவில் குறைந்தது இருபது சிறு வடிவங்கள் வரையுங்கள். முதல் ஐந்து எல்லாருக்கும் தோன்றுபவை. தேர்ந்தெடுத்த நால்வரையும் முழுக் கறுப்பாக நிரப்பி, நிழலுருவங்களாக ஒரே தரைக்கோட்டில் நிறுத்துங்கள். யார் மேலாள், யார் பையன் என்று கதை தெரியாத ஒருவரால் சொல்ல முடிந்தால் முகம் வரையலாம். முடியாவிட்டால் திரும்பவும் பாரத்துக்கே போக வேண்டும். ஆனந்த விகடனில் பல்லாண்டுகள் வரைந்த கோபுலுவின் (1924–2015) படங்களில், முதுகைக் காட்டி நிற்பவர் கூட இன்னார் என்று தெரிவதைப் பழைய இதழ்களில் பார்க்கலாம்.

ஆடை, சாமான்களுக்கான ஆய்வை இதன் பிறகே தொடங்குங்கள். வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய ஒளிப்படங்களும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பெட்டிகளும் எனாமல் பாத்திரங்களும், இணையத்தில் தேடிக் கிடைப்பதைவிட நம்பகமானவை. ஒவ்வொரு பொருளையும் கையில் பிடித்திருக்கும் நிலையில் வரையுங்கள். தனியாக வரைந்த பெட்டிக்கு எடை இருக்காது.

வட்டம் அன்பையும் சதுரம் உறுதியையும் முக்கோணம் கேட்டையும் காட்டும் என்ற வாய்ப்பாடு வடிவமைப்பு வகுப்புகளில் புழங்குகிறது. தொடக்கத்துக்கு உதவும், அவ்வளவுதான். பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் உருண்டைகளாலேயே ஆனவர். ஆயினும் அந்த அமர்வின் உறுதியில் குழைவு சிறிதும் இல்லை. வடிவத்தைவிட அது எப்படித் தரையில் ஊன்றியிருக்கிறது என்பதே அதிகம் பேசுகிறது.

இரண்டாவது பயிற்சி வள்ளி திருமண நாடகத்திலிருந்து. முருகன் வேடனாகவும் வருகிறான், விருத்தனாகவும் வருகிறான். ஒரே ஆள்தான் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், வள்ளிக்குத் தெரியக் கூடாது. முன்கையின் நீளம், கண்களுக்கு இடையேயுள்ள தொலைவு, காதின் வடிவம் ஆகியவற்றை மாற்றாமல் வைத்து, முதுகின் வளைவு, முழங்காலின் மடிப்பு, கழுத்து முன்தள்ளும் அளவு, காலடியின் அகலம் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள்.

ஒன்பதாம் படி: மாதிரித் தாள்

அனிமேஷன், காமிக்ஸ், கேம் எதுவாயினும் உங்கள் கதாபாத்திரத்தை இன்னொருவர் வரைய வேண்டியிருக்கும். முன், முக்கால், பக்கம், பின் ஆகிய நான்கு கோணங்களை ஒரே தாளில், உச்சி, கண், தோள், இடுப்பு, முழங்கால், பாதம் ஆகியவற்றின் ஊடே கிடைக்கோடுகளை இழுத்து, அவற்றுக்குள் அடக்கி வரையுங்கள். அடுத்த தாளில் ஆறு முகபாவங்களும், அந்தப் பாத்திரம் மட்டுமே செய்யக்கூடிய நான்கு நிலைகளும் வரட்டும். ஓடுதல், குதித்தல் எல்லாருக்கும் பொது. மேலாள் வட்டிக் கணக்கில் பிழையைக் கண்டுபிடிக்கும் நிலை அவருக்கு மட்டுமே உரியது. வண்ணத்துக்கு ஓர் ஆத்தங்குடிக் கல்லை எடுத்து அதிலுள்ள மூன்று நான்கு நிறங்களுக்குள் அடங்குங்கள். முடித்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து, முகம் பின்னணியிலிருந்து பிரிகிறதா என்று சோதியுங்கள். கணினியில் வரைபவருக்குக் கிருத்தா போன்ற இலவச மென்பொருளே போதும்.

பத்தாம் படி: நாள் ஒழுங்கும் தொகுப்பும்

நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 15 நிமிடம் விரைவுப் படம், 25 நிமிடம் கை, பாதம், விலாக்கூடு என்று ஏதேனும் ஓர் உறுப்பு, மீதி 20 நிமிடம் எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து வரைதல். கடைசிப் பங்கைத்தான் எல்லாரும் வெட்டுகிறார்கள். கதாபாத்திர வடிவமைப்புக்கு உதவுவதோ அதுவே. காலையில் பேருந்து நிலையத்தில் பார்த்தவரை இரவில் நினைவிலிருந்து வரைந்து, மறுநாள் அதே நிலையில் இன்னொருவரைப் பார்த்துத் திருத்துங்கள்.

சென்னை அல்லது கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிக்கோ, ஏதேனும் ஸ்டூடியோவுக்கோ தொகுப்பு அனுப்புவதாயின், 12 முதல் 15 பக்கம் போதும். முதலில் நேரில் பார்த்து வரைந்த உருவங்கள், பிறகு கை, பாத ஆய்வுகள், பிறகு கதாபாத்திரங்கள். கதாபாத்திரம் ஒவ்வொன்றுக்கும் முடித்த படத்துடன் சிறு வடிவங்களின் தாளையும் நிழலுருவத் தாளையும் சேர்த்து வையுங்கள். தேர்வு செய்பவர் பார்க்க விரும்புவது நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதை. திரைப்பட நாயகர்களின் உருவப்படங்களும், பிறர் படைத்த பாத்திரங்களைப் பார்த்து வரைந்தவையும், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், இதில் வேண்டாம். விரைவுப் படங்களில் தூசு படிந்த நியூஸ்பிரிண்டைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல தாளில் மறுபடி வரையும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படி வரைந்தால் அசைவு செத்துவிடும் என்பதால், அழுக்கோடு அப்படியே ஒளிப்படம் எடுத்து, எத்தனை நிமிடத்தில் வரைந்தது என்பதையும் தேதியையும் ஓரத்தில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.